அறுபத்துநாலாயிரம் கணக்கர்: லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன் வரலாறு

பேரணை ஒன்றைக் கட்டுமுன்னும், நெடும்பாலம் ஒன்றை ஆற்றின் குறுக்கே நிறுத்துமுன்னும், புதிய விமானத்தை வானில் ஏற்றுமுன்னும், அவற்றை இக்காலப் பொறியாளர் கணிப்பொறிக்குள்ளேயே ஒருமுறை கட்டிப் பார்த்துவிடுகின்றனர். வெள்ளம் வந்து மோதினால் அணை எங்கே நோகும், காற்று வீசினால் சிறகு எங்கே நடுங்கும் என்பதை எண்களாலேயே கண்டறிகின்றனர். இவ்வேலை ஒரு கணக்கிடும் உறுப்பால் ஆகக்கூடியதன்று. ஆயிரக்கணக்கான உறுப்புகள் வேலையைப் பங்கிட்டுக்கொண்டு ஒரே வேளையில் உழைக்கின்றன. இதனை இணைக் கணிப்பு என்பர். நம் காலனிப் பிள்ளைகளுள் கணிப்பொறி பயின்றோர் இச்சொல்லை நன்கு அறிவர். ஆனால் மின்னணுக் கணிப்பொறி ஒன்றுகூட உலகில் தோன்றாத நாளில், காகிதத்தையும் பென்சிலையும் மனிதர்களையுமே கொண்டு இம்முறையை முழுவதும் சிந்தித்து எழுதிவைத்த பெருமகனார் ஒருவர் இருந்தார். அவர் வரலாற்றை நம் சங்கத்து அன்பர்களுக்குச் சொல்ல விழைகின்றோம்.

லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன் இங்கிலாந்தின் வடபாலுள்ள நியூகாசில் நகரில் 1881-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள் பிறந்தார். பெற்றோருக்குப் பிறந்த எழுவருள் கடைக்குட்டி. தந்தையார் தோல் பதனிடும் தொழில் நடத்தியவர். குடும்பத்தினர் குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவினர். எக்காரணம் பற்றியும் மனிதன் மனிதனைக் கொல்லலாகாது, போரில் ஆயுதம் ஏந்தலாகாது என்பது அப்பிரிவினரின் உறுதியான கொள்கை. இக்கொள்கை ரிச்சர்ட்சனின் வாழ்க்கையை இருமுறை முறித்துத் திருப்பியதனால் இதனை முதலிலேயே சொல்லிவைக்கின்றோம்.

யார்க் நகரத்துக் குவேக்கர் பள்ளியிலும், நியூகாசில் அறிவியற் கல்லூரியிலும், பின்பு கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியிலும் பயின்று 1903-இல் முதல் வகுப்பில் தேறினார். அடுத்த பத்தாண்டுகளில் அவர் அமர்ந்த வேலைகளை எண்ணினால் விரல்கள் போதா. தேசிய பௌதிக ஆய்வுக்கூடம், வேல்ஸ் நாட்டுக் கல்லூரி ஒன்று, பீட் எனப்படும் சதுப்புநிலக் கரியை எடுக்கும் கம்பெனி, மீண்டும் பௌதிக ஆய்வுக்கூடம், மின்விளக்குக் கம்பெனி, மான்செஸ்டர் தொழில்நுட்பக் கல்லூரி என்று ஊர் ஊராக மாறினார். மாற்றல் உத்தரவு வரும்போதெல்லாம் பெட்டியும் பாத்திரமும் கட்டிப் பழகிய நம் போன்ற குடும்பத்தாருக்கு இது புதுமையாகத் தோன்றாது.

அந்தச் சதுப்புநிலக் கரிதான் அவருக்கு வழிகாட்டியது. நீர் ஊறிய நிலத்தை வடியச் செய்ய வாய்க்கால்களை எவ்வாறு வெட்டவேண்டும் என்பது கேள்வி. நீர் மண்ணுக்குள் எப்படி ஓடும் என்பதற்குக் கணிதச் சமன்பாடு உண்டு. ஆனால் நிலத்தின் வடிவம் வட்டமோ சதுரமோ அல்லவாதலால், ஏட்டில் கற்ற முறைகளால் அதனைத் தீர்க்க இயலாது. ரிச்சர்ட்சன் ஒரு குறுக்கு வழி கண்டார். நிலத்தின் படத்தின்மேல் கட்டங்கள் போட்டு, கோடுகள் சந்திக்கும் இடங்களில் மட்டும் விடை தேடினால் போதும் என்றார். நம் வீட்டுப் பெண்டிர் வாசலில் இடும் புள்ளிக்கோலத்தை நினைத்துக்கொள்க. ஒவ்வொரு புள்ளியிலும் ஓர் எண். எளிய சமன்பாடாயின், அவ்வெண் தன்னைச் சூழ்ந்த நான்கு புள்ளிகளின் எண்களுக்குச் சராசரியாக இருத்தல் வேண்டும். விளிம்பில் உள்ள எண்கள் முன்பே தெரியும். உட்புள்ளிகளில் ஏதோ ஓர் எண்ணை இட்டு, சராசரி பார்த்துப் பார்த்துத் திருத்திக்கொண்டே வந்தால், கோலம் முழுவதும் படிப்படியாக உண்மை விடைக்கு வந்து சேரும். கூட்டல், கழித்தல், வகுத்தல் அறிந்த சிறுவனும் செய்யத்தக்க வேலை இது.

சிறுவர்களையே அவர் வேலைக்கு அமர்த்தினார். எகிப்து நாட்டில் நைல் நதியின்மேல் 1902-இல் கட்டி முடிக்கப்பட்ட அஸ்வான் கல்லணையை எடுத்துக்கொண்டு, அதன் கட்டுமானத்துக்குள் எந்தெந்த இடத்தில் எவ்வளவு அழுத்தமும் இழுப்பும் உண்டாகும் என்று இம்முறையால் கணக்கிட்டார். அணைக்குரிய சமன்பாடு சதுப்பு நிலத்தைவிடக் கடினமானது. அண்டைப் புள்ளிகள் நான்கு மட்டும் போதா. கணக்கிட்ட பையன்களுக்கு உருப்படிக் கூலி. எண்ணில் எத்தனை இலக்கமோ அத்தனையைப் பதினெட்டால் வகுத்து வந்த பென்னி, ஒரு புள்ளிக்குக் கூலி. தவறாகச் செய்தவற்றுக்குக் கூலி கிடையாது. கெட்டிக்காரப் பையன் ஒருவன் மூன்றிலக்க எண்களில் வாரத்துக்குச் சராசரி 2,000 கணக்குகள் போட்டானாம். எமக்குள் இருக்கும் கிளார்க் சும்மா இருக்கவில்லை, பெருக்கிப் பார்த்தோம். கணக்குக்கு ஆறில் ஒரு பென்னி வீதம் 333 பென்னி, அதாவது வாரத்துக்கு ஏறத்தாழ 27 ஷில்லிங் 9 பென்ஸ். கூட்டல் குறியும் கழித்தல் குறியும் கலந்து வருவதே பையன்களுக்குப் பெரும் தொல்லையாக இருந்தது என்றும் ரிச்சர்ட்சன் குறித்திருக்கின்றார். இந்தக் கூலி விவரத்தை அவர் எழுதியது சம்பளப் பட்டியலில் அன்று. ராயல் சொசைட்டி வெளியிட்ட கணித ஆராய்ச்சிக் கட்டுரையிலேயே எழுதினார்! வேலையைப் பலருக்குப் பங்கிட்டால் எவ்வளவு காலமும் பணமும் செல்லும் என்பதும் அறிவியலின் பகுதியே என்று அவர் கருதினார்.

1910-இல் எழுதிய இவ்வாராய்ச்சியைக் கிங்ஸ் கல்லூரியில் ஆய்வாளர் பதவி வேண்டி அளித்தார். பதவி கிடைக்கவில்லை. தோராயமான கணக்கு என்று அக்காலக் கணிதவாணர் அதனை மதிக்கவில்லை. இன்று பாலத்துக்கும் அணைக்கும் விமானத்துக்கும் போடப்படும் பெருங்கணக்குகள் அந்தத் தோராய வழியின் வாரிசுகளே.

இதற்கிடையில் 1909-இல் டாரதி கார்னெட் என்னும் அம்மையாரை மணந்தார். அவர் புகழ்பெற்ற விஞ்ஞானி மாக்ஸ்வெல்லிடம் உதவியாளராயிருந்த வில்லியம் கார்னெட்டின் மகள். அவர்களுக்கு மக்கட்பேறு வாய்க்கவில்லை. பிற்காலத்தில் இரு ஆண் மக்களையும் ஒரு பெண் மகவையும் தத்தெடுத்து வளர்த்தனர். 1912-இல் டைட்டானிக் கப்பல் பனிமலையில் மோதி மூழ்கியபோது, ஒலியை எழுப்பி அதன் எதிரொலியைக் கேட்டே பனிமலையைத் தொலைவில் அறியலாம் என்று கண்டு, சில வாரங்களுக்குள் காற்றுக்கு ஒன்றும் நீருக்கு ஒன்றுமாக உரிமைப் பதிவுக்கு விண்ணப்பித்தார். அதில் பொருள் ஈட்டினார் அல்லர்.

1913-இல் ஸ்காட்லாந்தில் எஸ்க்டேல்மூர் என்னும் தனித்த மலைப்புறத்து வானிலை நோக்கு நிலையத்துக்குத் தலைவரானார். சதுப்பு நிலத்துக்கும் அணைக்கும் போட்ட கோலத்தை இப்போது வானத்துக்கே போட்டுப் பார்க்கத் துணிந்தார். நிலப்படத்தைச் சதுரங்கப் பலகைபோல் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் அகலமுள்ள கட்டங்களாகப் பிரித்தார்; உயரத்தில் வான்வெளியை ஐந்து அடுக்குகளாக்கினார். ஒவ்வோர் அறையிலும் காற்றின் வேகம், அழுத்தம், வெப்பம், ஈரம் ஆகியவற்றை எழுதி, சில மணி நேரத்துக்குப் பின் அவை எவ்வாறாகும் என்று பௌதிக விதிகளால் கணிப்பது திட்டம்.

அவ்வேளையில் முதல் உலகப் போர் மூண்டது. ஆயுதம் ஏந்த அவர் மனச்சான்று இடம் தரவில்லை; துன்புறுவோரை எண்ணிச் சும்மா இருக்கவும் மனம் ஒப்பவில்லை. 1916-இல் உத்தியோகத்தைத் துறந்து, குவேக்கர்கள் நடத்திய ஆம்புலன்ஸ் படையில் சேர்ந்து, பிரான்சுப் போர்முனையில் காயமுற்றோரை ஏற்றிச் செல்லும் வண்டியின் ஓட்டுநரானார். குண்டுகள் விழும் சாலையில் இரவும் பகலும் ஓட்டம். ஓய்வுக்குத் தங்கிய குளிர்ந்த கொட்டகையில் வைக்கோற் குவியலே அவருக்கு மேசையும் நாற்காலியும். அங்கே அமர்ந்து, பத்தங்குல ஸ்லைடு ரூலும் கையுமாக, உலகின் முதல் எண்வழி வானிலைக் கணக்கைப் போட்டார். 1917 ஏப்ரலில் ஷாம்பெய்ன் போரின்போது கையெழுத்துப் பிரதியைப் பத்திரத்துக்காகப் பின்னணிக்கு அனுப்பினார். அது காணாமற் போயிற்று! பல மாதங்களுக்குப் பின் பெல்ஜியத்தில் ஒரு நிலக்கரிக் குவியலின் அடியில் கிடைத்தது.

அவர் எடுத்துக்கொண்ட நாள் 1910 மே 20. ஹாலி வால்மீன் பூமியை அணுகிய நாட்கள் அவை. அன்று பலூன்களை ஏற்றி மேல்வானத்தை அளந்த குறிப்புகள் ஐரோப்பா முழுவதற்கும் கிடைத்தன. காலை ஏழு மணி நிலவரத்தைக் கொண்டு ஆறு மணி நேரத்தில் ஏற்படும் மாற்றத்தைக் கணித்தார். அதுவும் இரண்டே இரண்டு கட்டங்களுக்கு மட்டும். 23 வகைப் படிவங்கள் வகுத்துக் கணக்கை முடிக்க ஆறு வாரங்கள் சென்றன. வந்த விடை: ஆறு மணியில் காற்றழுத்தம் 145 மில்லிபார் உயரும். கொடும் புயலிலும் காணாத மாற்றம் இது. உண்மையில் அன்று அழுத்தம் ஏறக்குறைய அசையாமலேயே இருந்தது.

நூறாண்டுக்கு மேலாகியும் நாம் இவரை வணங்குவதற்குரிய காரணம் இங்கேதான் இருக்கின்றது என்பது எம் கருத்து. வேறொருவராயின் இக்கணக்கைக் கிழித்தெறிந்துவிட்டு, இசைவான வேறொரு நாளைத் தேடியிருப்பார். ரிச்சர்ட்சன் தம் தவறான விடையை, படிவம் படிவமாக, எண் எண்ணாக 1922-இல் கேம்பிரிட்ஜ் அச்சகம் வாயிலாக நூலாக வெளியிட்டார். தொடக்கத்தில் அளித்த காற்றின் அளவுகளில் பிழை இருந்திருக்கலாம் என்றும் ஊகித்து எழுதினார். அச்சிட்டவை 750 படிகளே. அவையும் முப்பது ஆண்டுகளில் மெல்ல மெல்ல விற்றன.

அந்நூலின் பிற்பகுதியில் ஒரு கற்பனை வருகின்றது. வானிலை வருமுன் அதனைக் கணிக்கவேண்டுமானால் எத்தனை கணக்கர் வேண்டும்? ஒரு கட்டத்துக்கு 32 பேர், உலகுக்கு 2,000 கட்டம், ஆக 64,000 பேர் என்று அவர் கணக்கிட்டார். அக்காலத்தில் ஆங்கிலத்தில் கம்ப்யூட்டர் என்றால் கணக்கிடும் மனிதர் என்றே பொருள். நம் நாட்டு நில அளவைத் துறையிலும் அப்பெயரில் பதவி இருந்தது. 1831-இல் வங்காளத்து ராதாநாத் சிக்தார் அப்பதவியில்தான் சேர்ந்தார்.

ஒரு பெரிய நாடகக் கொட்டகையை மனத்தில் கொள்க. சுற்றிலும் அடுக்கடுக்கான மாடங்கள். சுவர்களில் உலகப்படம் தீட்டியிருக்கும். கூரையில் வடதுருவம்; இங்கிலாந்து மேல்மாடத்தில்; அதன் கீழே வெப்பமண்டலம்; அதற்கும் கீழே ஆஸ்திரேலியா; அடித்தளத்தில் தென்துருவம். அந்தந்தப் பகுதியின் கணக்கை அந்தந்த இடத்தில் அமர்ந்தவர்கள் போடுவார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு சமன்பாடு, அல்லது அதன் ஒரு பகுதி. கிடைத்த எண்ணைச் சிறு விளக்குப் பலகையில் காட்டவேண்டும். பக்கத்துக் கட்டத்தார் அதனைப் பார்த்துத் தம் கணக்குக்கு எடுத்துக்கொள்வர். நடுவே ஓங்கி நிற்கும் தூணின் உச்சியில் மேடை. அதில் தலைவர் ஒருவர் அமர்ந்திருப்பார். எவரும் முந்தாமலும் பிந்தாமலும் எல்லாரையும் ஒரே கதியில் கொண்டுசெல்வது அவர் கடமை. முந்துகின்ற பகுதியின்மேல் செவ்வொளி பாய்ச்சுவார். பிந்துகின்ற பகுதியின்மேல் நீலவொளி. முடிந்த கணக்குகளை மூத்த எழுத்தர் நால்வர் திரட்டிக் காற்றுக்குழாய் வழியாக அனுப்ப, அவை வானொலி நிலையத்துக்குத் தொலைபேசியில் போகும். வெளியே விளையாட்டுத் திடல், வீடுகள், மலைகள், ஏரிகள். வானிலையைக் கணிப்போர் அதன் காற்றைத் தாராளமாகச் சுவாசிக்கவேண்டாமா?

ரயில்வேயில் பணிபுரிவோர்க்கு இக்கொட்டகை வியப்பாக இராது. ஒரு நிலையத் தலைவர் நெடும்பாதை முழுவதையும் அறியவேண்டுவதில்லை. இப்புறம் ஒரு நிலையம், அப்புறம் ஒரு நிலையம், இவ்விரண்டோடும் பேசி லைன் கிளியர் பெற்றால் அவர் வேலை நடக்கும். முழுப்பாதையையும் நோக்கி, முந்தும் வண்டியை நிறுத்தி, பிந்தும் வண்டிக்கு வழிவிடுபவர் கண்ட்ரோலர். அவர் முன்பெல்லாம் வண்டிகளின் ஓட்டத்தைப் பெருந்தாளில் பென்சிற்கோடுகளாக வரைந்துகொண்டே இருப்பார். இக்காலத்தில் கணிப்பொறி வரைகின்றது. இணைக் கணிப்பின் இரகசியமும் இவ்வளவே. பெரிய வடிவத்தைத் துண்டுகளாக்கி உறுப்புக்கு ஒன்றாகக் கொடுத்தல். துண்டின் ஓரத்து எண்களை அண்டை உறுப்புகளோடு மாற்றிக்கொள்ளுதல். ஒவ்வொரு படியிலும் எல்லாரும் வந்து சேரும்வரை காத்தல். மிகவும் மந்தமான ஓர் உறுப்பு பின்தங்கினால் மற்றவை அத்தனையும் வேலையின்றி நிற்கும். ஆகவே சுமையைச் சமமாகப் பங்கிடுவதே இன்றளவும் இத்துறையாரின் தீராத் தலைவலி. ரிச்சர்ட்சனின் செவ்வொளியும் நீலவொளியும் அதற்காகவே.

போர் முடிந்து 1919-இல் மீண்டும் வானிலைத் துறையில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே அத்துறை விமானப் படையை நிருவகிக்கும் அமைச்சகத்தின் கீழ்ச் சென்றது. படைத்துறையின் சம்பளத்தை ஏற்கலாகாது என்று வேலையை விட்டார். காற்றில் சுழல்கள் பரவும் வகையைப் பற்றி அவர் செய்த ஆராய்ச்சி நச்சுப்புகை வீசுவோர்க்கு உதவும் என்று அறிந்ததும், அச்சிடாமல் வைத்திருந்த குறிப்புகளுள் சிலவற்றை அழித்துவிட்டார் என்று அம்மையார் பின்னர் தெரிவித்தார். ஆண்டாண்டாக உழைத்ததைத் தம் கையாலேயே அழிப்பது எளிதா? வேலையைத் துறப்பதைவிட அது கடுமையான துறவு என்றே எமக்குத் தோன்றுகின்றது.

பின்னர் லண்டனில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியொன்றில் பௌதிகம் போதித்தார். 1926-இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கிற்று. அத்தகைய சிறப்பு எய்தியவர், இளம் மாணவர்களோடு அமர்ந்து தேர்வெழுதி 1929-இல் உளநூலில் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 47. அவ்வாண்டே ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி தொழில்நுட்பக் கல்லூரியின் முதல்வரானார். பெரிய பல்கலைக்கழகம் எதிலும் அவர் பேராசிரியராக இருந்ததில்லை.

உளநூல் கற்றதற்குக் காரணம் உண்டு. மனிதர் ஏன் போரிடுகின்றனர் என்பதையும் சமன்பாட்டில் அமைத்துப் பார்க்க முயன்றார். 1940-இல் ஓய்வு பெற்று, 1820 முதல் நடந்த போர்களையெல்லாம் இறந்தோர் தொகைப்படி வரிசைப்படுத்தினார். இரு நாட்டின் பொது எல்லை நீளமானால் போரும் மிகுமோ என்று ஆராயப் புகுந்து, எல்லையின் நீளம் ஏட்டுக்கு ஏடு மாறுவதைக் கண்டார். ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் இடையிலுள்ள ஒரே எல்லை ஓர் ஏட்டில் 987 கிலோமீட்டர், மற்றோர் ஏட்டில் 1,214 கிலோமீட்டர். அளவுகோலைச் சிறிதாக்கச் சிறிதாக்க, நெளிவுசுளிவுகள் கணக்கில் சேர்ந்து எல்லை நீண்டுகொண்டே போகின்றது என்று விளக்கினார். அவர் மறைந்தபின் 1961-இல் அச்சான இக்குறிப்பைக் கொண்டே மாண்டல்பிராட் என்னும் அறிஞர் 1967-இல் புதியதொரு வடிவ கணிதத்துக்கு வழி வகுத்தார்.

1950-இல் அமெரிக்காவில் சார்னி, ஃபியோர்டாஃப்ட், வான் நாய்மன் ஆகியோர் எனியாக் என்னும் மின்னணுக் கணிப்பொறியைக் கொண்டு ஒரு நாள் வானிலையைக் கணித்தனர். ஒரு நாளைக் கணிக்க ஒரு நாளே பிடித்தது. அவ்வாராய்ச்சியைச் சார்னி முதியவரான ரிச்சர்ட்சனுக்கு அனுப்பினார். அவர் படங்களை மனைவியாரிடம் கொடுத்து, முந்திய நாள் நிலவரம் அப்படியே நீடிக்கும் என்று கொள்வதைவிடக் கணித்த படம் உண்மைக்கு அண்மையில் உள்ளதா என்று ஒப்பிடச் சொன்னார். அம்மையார் கணித்ததே சற்று மேல் என்று தீர்ப்பளித்தார். தாம் கண்ட ஒரே தவறான விடைக்கும் இதற்கும் இடையே எத்துணை முன்னேற்றம் என்று வியந்து ரிச்சர்ட்சன் வாழ்த்து எழுதினார். 1953 செப்டம்பர் 30-ஆம் நாள், ஸ்காட்லாந்தில் கில்மன் என்னும் சிற்றூரில் உறக்கத்திலேயே உயிர் நீத்தார். மறு ஆண்டே ஸ்வீடனில் கணிப்பொறி வானிலை அறிவிப்பு வழக்கமான பணியாயிற்று.

கொட்டகையும் பின்னர் வந்தது, மனிதரின்றி. இல்லினாய் பல்கலைக்கழகம் வகுத்த இலியாக் IV என்னும் பொறி 64 கணக்கிடும் உறுப்புகள் கொண்டது. 1972-இல் அமெரிக்க விண்வெளி நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்துக்கு வந்து, விமானங்களைச் சுற்றி ஓடும் காற்றைக் கணிக்கப் பயன்பட்டது. நம் நாட்டில் பெங்களூர் தேசிய விமானவியல் ஆய்வுக்கூடத்தார் 1986-இல் ஃபுளோசால்வர் என்னும் இணைக் கணிப்பொறியை அதே நோக்கத்துக்காகச் செய்தனர். பேராற்றல் வாய்ந்த பொறியை அமெரிக்கா தர மறுத்த நிலையில், 1988-இல் புனேயில் சி-டாக் நிறுவனம் தொடங்கிற்று. அந்நிறுவனத்தார் பல சிறு உறுப்புகளை இணைத்து 1991-இல் பரம் 8000 என்னும் பொறியை உருவாக்கினர். 2022-இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் இயங்கத் தொடங்கிய ஃபிரான்டியர், ஒரு வினாடியில் பத்தாயிரம் கோடி கோடிக்கும் மேற்பட்ட கணக்குகளைச் செய்து காட்டியது. கூலி பெற்ற அந்தக் கெட்டிக்காரப் பையனை நினைத்துக்கொள்கின்றோம்.

ரிச்சர்ட்சனின் தவறு என்னாயிற்று என்று அன்பர்கள் வினவலாம். அயர்லாந்து நாட்டு வானிலை அறிஞர் பீட்டர் லிஞ்ச் அதே 1910 மே 20-ஆம் நாளின் குறிப்புகளை எடுத்து, அதே முறையைக் கணிப்பொறியில் இட்டு மறுபடி போட்டுப் பார்த்தார். அதே 145 மில்லிபார் வந்தது. கொட்டகையில் வைக்கோலின்மேல் அமர்ந்து கையால் போட்ட கணக்கில் பெரும்பிழை இல்லை. தொடக்கத்து அளவுகளில் காற்றுக்கும் அழுத்தத்துக்கும் இடையே இருந்த பொருத்தமின்மையே தீங்கு விளைத்தது. அதனை மட்டும் சீர்செய்து அவர் மீண்டும் கணித்தபோது, அழுத்த மாற்றம் ஒரு மில்லிபாருக்கும் குறைவாக வந்தது.